வராமல் போனவரும் கணக்கில் உண்டு: எச்.ஐ.வி. நீண்டகாலக் கண்காணிப்பு, மதுரைக் களக் குறிப்புகள்

களப்பணி:
ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பத்து வருஷம் எச்.ஐ.வி. உள்ள ஒருவரைத் தொடர வேண்டுமானால், முதல் நாளே தொடர்பு விவரப் படிவத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நம்பர் மட்டும் போதாது. யாருடைய போன், வேறு யார் எடுப்பார்கள், எந்நேரம் பேசலாம், வேறு ஆள் எடுத்தால் நாம் யாரென்று சொல்வது என்று நாலையும் அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். மல்லிப்பூ பறிக்கப் போகிறவரை விடியற்காலையில் கூப்பிட்டுப் பயனில்லை. திருப்பூர் பனியனுக்குப் போனவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது. வேறு ஆள் எடுத்தால் ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரக்கூடாது. ஆஸ்பத்திரிப் பெயர் எழுதிய வண்டியைத் தெருவுக்குள் கொண்டுபோகாதீர்கள். சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது.

இன்னொன்று. தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று மேலூர்க்காரர் திண்டுக்கல்லில் மாத்திரை வாங்குவது உண்டு. அவரைத் 'தொடர்பு அறுந்தவர்' என்று எழுதிவிட்டால் ஆய்வே பொய் சொல்லும். மாறிப்போனவர், மருந்தை நிறுத்தியவர், இறந்தவர், தெரியாதவர்: நாலு கட்டம் வேண்டும். ஒரே கட்டத்தில் கொட்டாதீர்கள்.

ஆலோசனை:
ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று பார்க்கும் மாத்திரைக் கணக்கில்தான் நிறையப் பேர் வழுக்குகிறோம். தினம் ஒரு மாத்திரை என்று வையுங்கள். 30 கொடுத்தது, பழைய மீதி 4, இன்று கையில் 6, இடையில் 28 நாள். முப்பதும் நாலும் முப்பத்துநாலு, ஆறு போனால் 28, நூறு சதவீதம். அந்தப் பழைய நாலைக் கேட்காமல் விட்டால் 24-ஐ 28-ஆல் வகுத்து 86 சதவீதம் என்று எழுதுவோம். ஒழுங்காகச் சாப்பிட்டவர் ஒழுங்கில்லாதவர் ஆகிவிடுவார். லேபிளைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்திருப்பவரும் உண்டு, மாமியாருக்குத் தெரியாமல். "டப்பாவைக் கொண்டு வாங்க" என்றால் வெறும் டப்பாதான் வரும். "மாத்திரையை எதுல வச்சிருக்கீங்களோ அதோட வாங்கம்மா" என்று சொல்லுங்கள்.

ஆய்வகம்:
சிடி4-க்கு, அதாவது எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சோதனைக்கு, ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) டியூப். எடுத்ததும் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்திலேயே 48 மணி நேரத்துக்குள் சோதனையை ஓட்டிவிட வேண்டும். சிடி4 காலையில் குறைந்தும் சாயங்காலம் கூடியும் இருக்கும். போன விசிட் காலையில், இந்த விசிட் மாலையில் என்றால் ஏற்றம் போலத் தெரிவது ஏற்றமாகவே இருக்காது. நேரத்தைக் கட்டாயம் குறியுங்கள்.

கொழுப்புச் சோதனைக்கு "வெறும் வயித்தோட வந்தீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி ஒரு டீ குடித்ததை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. "காலைல இருந்து வாயில என்ன பட்டுச்சு, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

சேமிக்கும் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, அன்றே பிரித்து, அரை மில்லியாகப் பல குப்பியில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே பெரிய குப்பி என்றால் ஒவ்வொரு தடவையும் உருக்கி உறைய வைத்தே பாழாகும். இது வீண் வேலை இல்லை. அமெரிக்காவில் 1984-ல் தொடங்கிய மாக்ஸ் (MACS) என்ற நீண்டகால எச்.ஐ.வி. ஆய்வு உறைய வைத்த பிளாஸ்மாவைக் கொண்டுதான், வைரஸ் அளவு கூடியவருக்கு நோய் வேகமாக முற்றும் என்று 1996-ல் காட்டினார்கள். சேமித்த காலத்தில் அந்த அளவை எண்ணும் சோதனையே கிடையாது.

தரவு:
மருந்து மாறிய தேதி இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரத்தில், சிறுநீரகச் சோதனையில் பார்க்கும் கிரியாட்டினின் 0.1, 0.2 மி.கி. கூடும், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வழி சற்று அடைபடுவதால்தான், பழுதால் அல்ல. தேதி இல்லையென்றால் கூடவே இருக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் மருந்தின் மேல் பழி விழும்.

நோய் தெரிந்த வருஷம் நினைவில்லை என்பவரிடம், மூத்த பிள்ளை எந்த வகுப்பு படித்தது, கொரோனாவுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டு நெருங்குங்கள்.

களப்பணி:
இறந்தவர் வீட்டில் எப்படி விசாரிப்பது என்று களப்பணியாளர்கள் கேட்டிருந்தார்கள். இறந்தவர் தன் தொடர்பு விவரப் படிவத்தில் யார் பெயரைக் கொடுத்திருந்தாரோ அவரிடம் மட்டும் பேசுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும். என்ன நோய் என்று கேட்காதீர்கள். கடைசி மாதத்தில் காய்ச்சல், இருமல், எடை, தலைவலி எப்படி இருந்தது, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேட்டால் போதும். டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அங்கேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.