புதுப்பிப்பு: கொடிகாமத்துக் காணி வழக்கு எங்கே?

பிரியாப் பங்காக இருக்கும் எங்கள் கொடிகாமத்துக் காணிக்கு பாகப்பிரிவினை வழக்கை யாழ்ப்பாணத்தில் போடுவதா, சாவகச்சேரியில் போடுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் யாழ்ப்பாணம் என்றீர்கள். தவறு. காணி கிடக்கும் இடம்தான் கணக்கு, நான் குடியிருக்கும் இடம் அல்ல. கொடிகாமம் சாவகச்சேரி நீதிமன்ற எல்லைக்குள். ஆகவே சாவகச்சேரி மாவட்ட நீதிமன்றம்.

எந்த நீதிபதி விசாரிப்பார் என்று கேட்டவருக்கு: நாம் தெரிவு செய்ய முடியாது. நீதிச்சேவை ஆணைக்குழு இடமாற்றம் செய்தால், பாதி வழக்கில் வேறொருவர் வந்து அமர்வார்.

இனி உண்மையான தலைவலி. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டப்படி, வழக்கைத் தொடங்கும் முறைப்பாட்டிலேயே, காணி யார் வழியாக யாருக்கு வந்தது என்ற வம்சாவழியைக் காட்ட வேண்டும். அப்பப்பாவின் காலத்துக் காணி உறுதியை விரித்தேன். மடிப்பில் கறையான், ஒரு பெயரில் பாதி இல்லை. கனடாவிலுள்ள பெரியம்மாவைக் கேட்டால், "அவர் செல்லத்துரையோ செல்லையாவோ, தம்பி" என்கிறார். சட்டத்தரணியோ, ஒரு பங்காளியும் விடுபடக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.

வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். நில அளவையாளர் சங்கிலியோடு வருவது அதற்குப் பிறகுதான். திங்கட்கிழமை பதிவகத்துக்குப் போகிறேன், செல்லத்துரையைத் தேடி.