ஜிஎம்டி வாட்சா, வேர்ல்ட் டைமரா?

செகண்ட்மேட்:
சரக்குக் கப்பல்ல வேலை. கிழக்கே போகப் போக கப்பல் நேரத்தை ஒவ்வொரு மணியா முன்னாடி தள்ளுவோம். வானிலைச் செய்தி, வழி கணக்கெல்லாம் யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல. கூட்டிக் கழிச்சு அலுத்துப்போச்சு. எந்த வாட்ச் சரிப்படும், ஜிஎம்டியா, வேர்ல்ட் டைமரா? ஜிஎம்டிங்கற கிரீன்விச் நேரமும் யூடிசியும் ஒண்ணுதானே?

முள்பைத்தியம்:
உங்க வேலைக்கு ஒண்ணுதான். யூடிசி அணுக் கடிகாரக் கணக்கு. பூமி சுத்தறதோட ஒரு வினாடிக்கு மேல விலகாம இருக்க, 1972லிருந்து 27 தடவை ஒரு வினாடி (லீப் செகண்ட்) கூடுதலா சேர்த்திருக்காங்க. கடைசியா 2016 டிசம்பர்ல. மெக்கானிக்கல் வாட்ச் ஒரே நாள்ல அதைவிட அதிகமா தப்பும், அதனால அந்தக் கவலையே வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேற. ஜிஎம்டி வாட்ச்னா இன்னொரு ஊர் நேரம் காட்ட கூடுதலா ஒரு 24 மணி முள் இருக்கும். அதுல ரெண்டு ஜாதி. ஒண்ணுல 24 மணி முள் மட்டும் தனியா நகரும். ஒரே இடத்துல உக்காந்து வெளிநாட்டுக்குப் போன் பேசறவங்களுக்கு அது போதும். நீங்க பார்க்க வேண்டியது சின்ன முள் (மணி முள்) தனியா தாவுற ரகம். க்ரவுனை (பக்கத்துல இருக்கிற திருகை) ஒரு படி இழுத்துத் திருப்பினா, சின்ன முள் டக்குனு ஒரு மணி தாவும். வினாடி முள் நிக்காது. 24 மணி முள் யூடிசியிலேயே கிடக்கும். பலதுல தேதியும் கூடவே மாறும். பான் ஆம் விமானிகளுக்காக 1950கள்ல வந்த முதல் ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர்ல இந்த வசதி கிடையாது, பெசலைத்தான் (கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வெளி வளையத்தை) திருப்பணும். கடையில வாங்குமுன்னே க்ரவுனை இழுத்துப் பாருங்க. டயலைப் பார்த்து ஏமாறாதீங்க.

டயல்ரசிகர்:
வேர்ல்ட் டைமரை இப்படி ஒதுக்கலாமா? 1930கள்ல லூயி கோத்தியேங்கற சுவிஸ் வாட்ச் கலைஞர் அமைச்ச ஏற்பாடு அது, டயலைச் சுத்தி ஒரு வளையத்துல ஊர்ப்பெயர் இருக்கும். ஒரே பார்வையில 24 ஊர் நேரம்!

முள்பைத்தியம்:
அழகுதான், இல்லேங்கல. ஆனா அச்சடிச்ச ஊர்ப்பெயரை அரசாங்கங்கள் மதிக்கறதில்லை. மாஸ்கோ 2011ல யூடிசி+4 ஆச்சு, 2014ல +3க்குத் திரும்பிடுச்சு. நடுவுல அச்சான டயல் இன்னிக்குத் தப்பு. கோடையில லண்டன் ஒரு மணி முன்னாடி போறதும் ஊர் வளையத்துல தெரியாது.

செகண்ட்மேட்:
சரி, தாவுற முள்தான். இந்தியா மாதிரி அரை மணி வர்ற இடத்துல?

முள்பைத்தியம்:
முள் முழு மணியாத்தான் தாவும். பெரிய முள்ளை யூடிசியிலேயே விட்டுட்டு, சின்ன முள்ளை +5ல நிறுத்தி, மனசுல 30 நிமிஷம் கூட்டிக்கோங்க. நேபாளம்னா 45. அதுவும் தொல்லைன்னா, ரெண்டு நேரம் காட்டுற டிஜிட்டல் வாட்ச் வாங்கிடுங்க, என்கிட்ட கேட்டதை மறந்துடுங்க.