ஒரு சொல் வேண்டும்: 'இன்ஃபமி'

குழுவினர்க்கு வணக்கம்.

உலக வரலாற்றுப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை கொடுத்தாக வேண்டும். 'இன்ஃபமி' (infamy, கெட்ட பெயர்) என்ற ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, ரோமச் சட்டத்தின் 'இன்ஃபாமியா'. நடிகர், கிளாடியேட்டர் (அரங்கில் சண்டையிடுவோர்) போன்றோர் மீது விழுந்த நிலை அது. உரிமைகள் சில பறிபோகும். அடுத்தது, அமெரிக்க அரசியலமைப்பின் 5ஆம் திருத்தம் (1791) பேசும் 'இன்ஃபமஸ்' என்ற குற்றவகை. மூன்றாவது, பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதற்கு மறுநாள், 1941 டிசம்பர் 8இல், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரை. அந்த நாளை 'இன்ஃபமியில் வாழும் நாள்' என்றார். மூன்றிலும் 'அவப்பெயர்' என்று போட்டேன். ரூஸ்வெல்ட் வரி சப்பென்று விழுகிறது. உதவுங்கள்.

———

> மூன்றிலும் 'அவப்பெயர்' என்று போட்டேன்

'அவ' வடமொழி முன்னொட்டு, வேண்டாம். நம்மிடம் 'வசை' இருக்கிறது. "வசையென்ப வையத்தார்க் கெல்லாம் இசையென்னும் எச்சம் பெறாஅ விடின்" (குறள் 238). இசை, அதாவது புகழ், இல்லாமையே வசை. லத்தீனிலும் 'ஃபாமா' (பெயர், புகழ்) இல்லாமையே 'இன்ஃபாமியா'. ஃபாமாவின் வேர் பேசுதல், இசைத்தலும் சொல்லுதலே. புகழ்கூடப் 'புகல்' (சொல்லுதல்) என்பதிலிருந்து வந்தது என்பேன்.

———

புகல், புகழ் ஆனதற்குச் சான்று தாருங்கள் ஐயா. லகரம் ழகரமாக நினைத்தபடி மாறிவிடாது. அதைத் தனி இழையில் பேசலாம்.

இன்றைய மாணவருக்கு வசை என்றால் திட்டு. 'வசைபாடினான்' என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அவம் குறளிலேயே இருக்கிறதே: "அவஞ்செய்வார் ஆசையுட் பட்டு" (266).

———

அந்த அவம் 'வீண்' என்ற பொருளில் வருவது. கெட்ட பெயரைக் குறிக்கவில்லை.

———

நான் வகுப்பில் 'பழி' என்றே சொல்கிறேன். "புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்" (புறநானூறு 182). புகழுக்கு நேர் எதிரே நிற்பது பழிதான்.

———

அம்மா சொல்வது ரூஸ்வெல்ட்டுக்குப் பொருந்தும், ரோமுக்குப் பொருந்தாது. ரோம நடிகர் எந்தத் தவறும் செய்ய வேண்டியதில்லை. மேடை ஏறுவதே போதும். பழி என்றால் ஏதோ செய்தார் என்றாகிவிடும். அங்கே அது ஒரு சட்டநிலை. 'மதிப்பிழப்பு' என்று வையுங்கள்.

ரூஸ்வெல்ட் வரைவில் முதலில் இருந்தது 'உலக வரலாற்றில் வாழும் நாள்'. 'உலக வரலாறு' என்பதை அடித்துவிட்டுத்தான் 'இன்ஃபமி' என்ற சொல்லைக் கையால் எழுதினார். அந்த வரியின் கனம் முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பிறன்மனை நாடுபவனுக்கு வள்ளுவர் சொன்னதைப் பாருங்கள்: "எய்துமெஞ் ஞான்றும் விளியாது நிற்கும் பழி" (145). 'வாழும்' என்ற வினையையும் 'விளியாது' (அழியாது) தாங்கிக்கொள்கிறது.

———

'விளியாது' என்றால் 'கூப்பிடாது' என்று என் மாணவர்கள் எழுதிவைப்பார்கள். 'அழியாப் பழி' போதும்.

———

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. ரோமுக்கு 'மதிப்பிழப்பு', திருத்தத்துக்கு 'இழிகுற்றம்', உரைக்கு 'அழியாப் பழியில் வாழும் நாள்' என்று அனுப்புகிறேன்.

———

ஒரு சொல் கேட்டு வந்தீர்கள், மூன்று சொற்களோடு போகிறீர்கள். ரோமச் சட்டத்தில் இருந்த சொல்தான் 1941இலும் ஒலித்தது என்பது இனி மாணவருக்குத் தெரியவே வராது. என் வாக்கு வசைக்கே. புகல்–புகழ் இழையை இன்றிரவு தொடங்குகிறேன்.