நாய் குரைப்பதற்குக் காரணம் உண்டா, இல்லை சும்மாதானா?

இரவுப்பணி:
பக்கத்து வீட்டுக்காரர் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பியதும், மொட்டை மாடியில் கட்டியிருக்கிற அவர் நாய் ஆரம்பித்துவிடும். பதினோரு மணி வரை ஓயாது. நான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுக்கிற நேரம் அது. கேட்டால், "நாய்னா குரைக்கத்தான் செய்யும்" என்கிறார். எனக்கும் அதில் காரணம் எதுவும் தெரியவில்லை. குரைத்தால் ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை விற்கிறார்களே, நானே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

கோம்பைக்காரன்:
வேண்டாம் தம்பி. முதலில் அது எப்படிக் குரைக்கிறது என்று கவனியுங்கள். கேட்டருகே அந்நிய ஆள் வந்தால் அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று, மூச்சு விடாமல் வரும். தனியாக விட்டுப்போனால் குரல் மேலே ஏறும், விட்டு விட்டு வரும், சில சமயம் ஊளையாக இழுக்கும். என் கோம்பை நாய் ஒருநாள் கொல்லையில் குரைத்தது. ஓடவில்லை, பாயவில்லை, நின்ற இடத்திலேயே ஒரே சுருதியில் குரைத்தது. அடுப்படியில் இருந்த என் மனைவிக்கே விஷயம் புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லுக்கு அடியில் பாம்பு.

மணல்மேடு:
அண்ணே, பாம்பைப் பார்த்த பிறகு குரைப்புக்கு அர்த்தம் சொல்வது சுலபம். வளர்ந்த ஓநாய் அபூர்வமாகத்தான் குரைக்கும். குட்டிதான் அதிகம் குரைக்கும். மனிதனோடு பழகிய நாய் கடைசிவரை அந்தக் குட்டிக் குணத்தோடேயே நின்றுவிட்டது, குரைப்பு அதன் மிச்சம் என்று அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் காப்பிங்கர் எழுதியிருக்கிறார். படபடப்பு ஏறினால் வாய் திறக்கிறது, அவ்வளவுதான். அதைப் பேச்சு ஆக்காதீர்கள்.

கோம்பைக்காரன்:
பேச்சு என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் சேதி இருக்கிறது. புடாபெஸ்டில் பீட்டர் போங்கிராட்ஸ் குழு, மூடி என்கிற ஹங்கேரி மேய்ப்பு நாய்களின் குரைப்பைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியது. 2005-இல் முடிவு வெளிவந்தது. அந்நியரைப் பார்த்தபோது, மரத்தில் தனியே கட்டிப்போட்டபோது, பந்துக்கு ஏங்கியபோது என்று எது எந்தக் குரைப்பு என்பதைக் கேட்டவர்கள் குருட்டாம்போக்கை விட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். நாயே வளர்க்காதவர்களும்தான்! வெறும் மிச்சம் என்றால் இது எப்படி முடியும்?

செவலைமணி:
நடுவில் ஒரு வார்த்தை. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி யாரும் கிட்டே போகாதீர்கள். என் கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது.

மணல்மேடு:
சரி அண்ணே, உணர்ச்சி தெரிகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக் குரைப்பு நாம் பழக்கிவிட்டது. கொரியர் பையன் வருகிறான், நாய் குரைக்கிறது, பையன் கொடுத்துவிட்டுப் போகிறான். தான் விரட்டியதாக அது நினைத்துக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சத்தமாகக் குரைக்கும். மாடி நாயும் அப்படித்தான்: குரைத்தது, எஜமான் மாலையில் திரும்பி வந்தார். பழக்கத்தைத்தான் உடைக்க வேண்டும்.

கோம்பைக்காரன்:
பதினோரு மணிக்கே நிறுத்திவிடுகிறதே, மாலையில் வருகிற எஜமான் எங்கே பழக்கினார்? தனிமைக்குப் பயந்து கத்துகிற ஜீவனுக்கு ஷாக்கும் கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும். வாய் மூடலாம், ஆனால் கயிற்றையும் காலையும் கடித்துக் குதற ஆரம்பிக்கும். அதட்டினாலும் பிரயோசனமில்லை, நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குக் கேட்கும்.

மணல்மேடு:
ஷாக் பட்டை கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். காரணத்தில்தான் சண்டை.

இரவுப்பணி:
இன்று தூங்காமல் போனில் பதிவுசெய்தேன். பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஆரம்பித்தது. கீச்சுக்குரல், நடுநடுவே இடைவெளி, இரண்டு முறை ஊளை. கைப்பிடிச் சுவர் மேலாக எட்டிப் பார்த்தேன். கயிறு இரண்டு முழம்கூட இல்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது, ஒன்பது மணிக்கே நிழல் நகர்ந்துவிட்டது. பதினோரு மணிக்கு அது நிறுத்தவில்லை, களைத்துப் படுத்துவிட்டது. சாயங்காலம் அவர் வந்ததும் பதிவைப் போட்டுக் காட்டப் போகிறேன். பகலில் கீழே என் வராந்தாவில் கட்டச் சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

கோம்பைக்காரன்:
கேளுங்கள் தம்பி. அவர் கிளம்பும் முன் ஒரு சுற்று நடக்கக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் வராந்தாவிலும் குரைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.