பீகிள் குட்டியை முயல் வேட்டைக்குத் தனியாகப் பழக்குவதா, கூட்டத்தோடு விடுவதா?

கேள்வி

வணக்கம். என்னிடம் நான்கு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பீகிள் (மோப்பம் பிடித்து முயலைத் துரத்தும் சிறு வேட்டை நாய்) நாய்கள் இருக்கின்றன. காட்டன்டெயில் என்ற அமெரிக்கக் காட்டு முயலைப் புதரிலிருந்து எழுப்பி, தடம் விடாமல் ஓட்டி, வட்டமடித்துத் திரும்பிவரும் முயலைத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து சேர்ப்பதில் இரண்டையுமே நம்பலாம். இவற்றோடு இப்போது எட்டு மாதப் பெண்குட்டி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. முதலில் கண்ணுக்கு முன்னால் எழுந்த முயலை ஆசையாகத் துரத்தியது. அந்த ஆர்வத்தைப் பார்த்துவிட்டு, அன்று முதல் அதைப் பெரிய நாய்களோடு சேர்த்தே விட்டுவருகிறேன்.

கூட்டம் போகும் இடமெல்லாம் குட்டியும் போகிறது. அவை குரல் கொடுத்தால் தானும் கொடுக்கிறது. தூரத்திலிருந்து கேட்பவர்களுக்கு மூன்று நாய்கள் வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் அருகில் நின்று பார்க்கும்போது அதன் மூக்கு தரையில் இருப்பதில்லை, தலை நிமிர்ந்தே இருக்கிறது. முயலின் வாடைத் தடம் அறுந்தவுடன் பெரிய நாய்கள் இரண்டும் தேடத் தொடங்க, குட்டி நின்று அவற்றின் முகத்தைப் பார்க்கிறது.

ஒரு வயது வரை தனியாகவே ஓட்ட வேண்டும் என்று சிலரும், கூட்டம்தான் குட்டிக்கு ஆசான் என்று சிலரும் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வார இறுதியில் மட்டும்தான் எனக்குக் காட்டுக்குப் போக முடிகிறது. பகல் பொழுதும் குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கினால் பெரிய நாய்களின் நேரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டியைக் கூட்டத்திலிருந்து இப்போதே பிரிப்பது நல்லதா? பிரித்தால் பிற்பாடு அது மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா?

முதல் பதில்

உடனே பிரித்துவிடுங்கள். முயலின் வாடையைப் பின்தொடர்ந்தால் முயல் கிடைக்கும் என்பதை உங்கள் குட்டி இன்னும் கற்கவில்லை. பெரிய நாய்களைப் பின்தொடர்ந்தால் முயல் கிடைக்கும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றுவிட்டது. பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்தே எழுதிப் பழகிய மாணவனின் நிலைதான் அதற்கும்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பீகிள் களப்போட்டி (நாய்களை வெளியில் முயல் தடத்தில் ஓடவிட்டு மதிப்பிடும் போட்டி) விதிகளில், தடம் அறுந்த இடத்தை விட்டு ஓடுதல், இல்லாத தடத்தில் இருப்பதுபோல் பாவனை செய்தல், காரணமின்றிக் குரல் கொடுத்தல் ஆகிய குறைகளோடு சேர்த்து, மற்ற நாய்களைப் பார்த்து அவற்றின் போக்குக்கேற்ப நடப்பதும் தனியொரு குறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் விவரித்திருப்பது இந்தக் கடைசிக் குறையை. காரணமின்றிக் குரல் கொடுக்கும் குறையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும், ஏனென்றால் வாடையே தெரியாமல் மற்ற நாயின் குரலுக்குக் குரல் கொடுக்கும் குட்டி, நாளடைவில் எதற்கும் குரல் கொடுக்கத் தொடங்கிவிடும்.

ஒரு நாயின் தரம் ஓட்டத்தில் தெரிவதில்லை, தடம் அறுந்த இடத்தில்தான் தெரிகிறது. முயல் ஓர் ஒற்றையடிப் பாதையில் நேராக ஓடி, வந்த தடத்திலேயே பாதி தூரம் திரும்பி, அங்கிருந்து ஒரே தாவலில் பக்கத்து முட்புதருக்குள் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நாய்க்குப் பாதையின் கோடியில் வாடை சட்டென்று நின்றுபோகும். நல்ல நாய் அந்தக் கணமே குரலை நிறுத்தும். கடைசியாக வாடை இருந்த இடத்தை விட்டு அகலாமல் அதைச் சுற்றிச் சிறிய வட்டமாக மோப்பம் பார்க்கும். கிடைக்காவிட்டால் வட்டத்தைக் கொஞ்சம் அகட்டும். அதிலும் கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்பித் தேடும். முயல் தாவி இறங்கிய இடத்தில் மூக்கு பட்டதும் வால் வேகமாக அடிக்கும், அரைகுறையாக ஒரு குரல் எழும்பும், இரண்டு மூன்று அடி போனதும் அது முழுக்குரலாகும். கூட்டத்தில் உள்ள குட்டிக்கு இந்த வேலையைச் செய்யும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அது யோசிக்கத் தொடங்குவதற்குள் அனுபவமுள்ள நாய் தடத்தை மீட்டுவிடுகிறது.

தனியாக ஓட்டும்போது தரை ஈரமாகவும் காற்று அடங்கியும் இருக்கும் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்து இறுகிய நிலத்திலும், உறைந்த தரையிலும், பலத்த காற்றிலும் வாடை நிற்காது. தொடக்கநிலைக் குட்டியை அங்கே விட்டால் அதன் ஊக்கம்தான் கெடும். முயலை நீங்களே புதரைத் தட்டி எழுப்புங்கள். முயல் ஓடுவதைக் குட்டி பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பார்த்துவிட்டால் கண்ணை நம்பி ஓடும். முயல் மறைந்த பிறகு குட்டியை அழைத்துவந்து தடத்தின் மேல் விடுங்கள். அதன் பிறகு ஒதுங்கி நில்லுங்கள். தடத்தின் மேல் நீங்கள் நடந்தால் உங்கள் காலடி வாடை தடத்தைக் குழப்பும், அடிக்கடி பேசினால் தலையை நிமிர்த்தி உங்களைத்தான் பார்க்கும். பெரும்பாலோர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். தடம் அறுந்ததும் உதவிக்குப் போகும் உரிமையாளர், கூட்டத்தில் பெரிய நாய் செய்துகொடுத்த வேலையைத் தானே செய்துகொடுக்கிறார், அவ்வளவுதான்.

முதலில் சில கெஜ தூரம் ஓட்டிவிட்டுத் தடத்தைத் தொலைக்கும். தொலைத்த இடத்திலேயே குனிந்து தேடுகிறதா, உங்களிடம் திரும்பி வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். தூரம் பிறகு தானாகக் கூடும். தேடும் ஆர்வம் இருக்கும்போதே கழுத்துப்பட்டையை மாட்டி வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவது அடுத்த வாரத்துக்கு நல்லது.

இரண்டாம் பதில்

மேலே ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் எல்லாக் குட்டிகளுக்கும் அதுவே வழி என்று கொள்ள முடியாது. கூட்டத்திலிருந்து திடீரெனப் பிரிக்கப்பட்ட சில குட்டிகள் காட்டில் இறங்கியதும் உரிமையாளரின் காலடியை விட்டு அசையாமல் நிற்கும். தேடுவது என்றால் என்ன என்பதையே அறியாத குட்டியைத் தனியாக விட்டு, அது ஒன்றும் செய்யவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை. அப்படிப்பட்டதற்கு ஒரே ஒரு துணை நாய் வேண்டும். அந்த நாய் வேகமானதாக இருக்கக்கூடாது. வயதான, நிதானமான, தடத்தில் வாடை இருந்தால் மட்டுமே குரல் கொடுக்கும் நாயாக இருக்க வேண்டும். வேகமான நாயோடு ஓடும் குட்டி, பின்தங்கிவிடக்கூடாது என்பதற்காகவே தடத்தை விட்டு ஓரமாகக் குறுக்கு வழியில் ஓடப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிற்பாடு திருத்துவது மிகக் கடினம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எப்போதும் தனியாகவே ஓடி வளர்ந்த நாய், வேறொரு நாய் முயலை எழுப்பிக் குரல் கொடுக்கும்போது அங்கே ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வதில்லை. தன் புதரையே கிளறிக்கொண்டிருக்கும். அல்லது சேர்ந்துகொண்டாலும், தடம் அறுந்த இடத்தில் மற்ற நாய் மீட்டதை ஏற்காமல் முந்திக்கொள்ளப் பார்க்கும். மற்றொன்றின் குரலை நம்பிப் போவதும், அதே சமயம் தன் மூக்கை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் ஒருசேர இருக்க வேண்டும். இதில் முதலாவதைக் கூட்டம் இல்லாமல் கற்பிக்க முடியாது.

களப்போட்டிகளின் வரலாற்றையும் இங்கே நினைவுபடுத்தலாம். இரண்டு, சில வேளைகளில் மூன்று நாய்களை மட்டும் விட்டுத் தடத்தில் துல்லியத்தைப் பார்க்கும் பிரேஸ் போட்டிகள் அமெரிக்காவில் 1890 முதல் நடந்துவருகின்றன. துல்லியத்துக்கே மதிப்பெண் என்று ஆனதும், தலைமுறை தலைமுறையாக மெதுவான நாய்களையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்; கடைசியில் அந்த நாய்களுக்குப் பின்னால் மனிதர் நிதானமாக நடந்தே போகலாம் என்ற நிலை வந்தது. துப்பாக்கியோடு முயலுக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. வெடிச் சத்தத்துக்கு அஞ்சாமையையும் சோதிக்கும் சிறு கூட்டப் போட்டிகளை அவர்கள் விரும்பியது அதனால்தான். பனிக்காடுகளில் வாழும் ஸ்னோஷூ முயலுக்கான போட்டிகளிலோ பெரிய கூட்டமாகவே நாய்களை விடுகிறார்கள், ஏனென்றால் அந்த முயல் காட்டன்டெயிலைவிட மிகப் பெரிய வட்டமாக நெடுநேரம் ஓடும், வளைக்குள் புகுந்து தப்பும் வழக்கமும் அதற்கு இல்லை. நீங்கள் எந்த முயலை, எத்தனை நாய்களோடு, எதற்காக ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பயிற்சியின் அளவு அமையும். காட்டன்டெயிலுக்கு மூன்று நாய்கள் என்றால், முதலில் தனிமை, அடுத்து ஒரு துணை, அதன்பின் கூட்டம் என்ற வரிசையே என் பரிந்துரை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆறு வயது நாய்தான் நிதானமானது. நான்கு வயது நாய் வேகமானது, குட்டி எப்போதும் அதன் பின்னால்தான் ஓடுகிறது. இப்போது யோசித்தால் ஓரமாக ஓடும் பழக்கமும் கொஞ்சம் தொடங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. எனக்குள்ள வேறொரு அச்சம் மான். பெரிய நாய்கள் மானைக் கண்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, அவற்றோடு இருக்கும்வரை குட்டியும் போகாது. தனியாக விட்டால் மானின் பின்னால் போய்விடாதா?

மூன்றாம் பதில்

போகலாம். ஆனால் தனியாக இருக்கும்போது போனால், போனது எது என்பதில் உங்களுக்கு ஐயம் இருக்காது. கூட்டத்தில் ஒரு நாய் மான் தடத்தில் குரல் கொடுத்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும், எது தொடங்கியது என்பதே தெரியாமல் போகும். அந்த வகையில் மானைத் தவிர்க்கப் பழக்குவதற்கும் தனி ஓட்டமே வசதி.

ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை இல்லாமல் குட்டியைத் தனியாக விடாதீர்கள். கையில் உள்ள கருவியில் ஓடிய பாதை கோடாகத் தெரியும் அல்லவா? காட்டன்டெயில் தனக்குப் பழகிய சில ஏக்கர் நிலத்தை விட்டுப் போக விரும்பாது. ஆகவே அதைத் துரத்தும் நாயின் கோடு வளைந்து வளைந்து, எழுப்பிய இடத்துக்கே திரும்பும். மானின் பின்னால் போகும் கோடு பெரும்பாலும் ஒரே திசையில் நீண்டுகொண்டே போகும். அப்படி நீண்டால் குறுக்கே போய் மறித்துப் பிடித்துக் கட்டுங்கள். மின்னதிர்வுப் பட்டையைப் பயன்படுத்துவதாக இருந்தால், மான்தான் என்று உங்கள் கண்ணால் கண்ட பிறகே பயன்படுத்த வேண்டும். முயல் தடத்தில் இருக்கும் குட்டிக்குத் தவறுதலாக ஒருமுறை அதிர்வு பட்டால், முயலைக் கண்டாலே ஒதுங்கும் நாயாக மாறக்கூடும்.

வேலியிட்ட பயிற்சி நிலங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். அங்கே மான் தொல்லை இல்லை, முயலும் ஏராளம்; தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் முயல் ஏராளமாக இருப்பதே அங்கே குறையும் ஆகிவிடும்: ஒரு தடம் அறுந்தால் நாலடி தள்ளி வேறொரு முயலின் புதுவாடை கிடைத்துவிடும், குட்டியும் அறுந்ததைத் தேடாமல் அதற்குத் தாவிவிடும். முதல் பதிலில் சொல்லப்பட்ட அந்த வேலையை அங்கே அது கற்கவே கற்காது. தடத்தில் குரல் கொடுத்து ஓடத் தொடங்கியவுடன் வெளி நிலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முயல் குட்டி ஈனும் காலத்தில் நாய்ப் பயிற்சிக்கு அமெரிக்காவின் சில மாநிலங்களில் தடை உண்டு என்பதால் உங்கள் மாநிலத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரப் பற்றாக்குறைக்கு வழி இருக்கிறது. தரை ஈரமாக இருக்கும் காலைப்பொழுதைக் குட்டிக்கு மட்டும் கொடுங்கள், அப்போது பெரிய நாய்கள் வண்டியில் கூண்டிலேயே இருக்கட்டும். வெயில் ஏறி வாடை மெலிந்த பிறகு அவற்றை இறக்கிக் குட்டியைக் கூண்டில் போடுங்கள். அனுபவமுள்ள நாய்களுக்கு மெலிந்த வாடையில் ஓடுவது ஒரு பொருட்டில்லை, உள்ளே இருக்கும் குட்டியும் அவற்றின் குரலைக் கேட்டுக் கேட்டு அடுத்த வாரத்துக்குத் துடித்துக்கொண்டிருக்கும்.

நான்காம் பதில்

குட்டியைத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் வெடிச் சத்தம் கேட்டுப் பழகிய குட்டிக்குத் தனியாக இருக்கும்போது அதே சத்தம் வேறு மாதிரிப் படலாம். தனியாகத் தடம் ஓட்டி முழுக்குரல் கொடுக்கும் நிலைக்கு வரும்வரை அதன் அருகில் சுடாதீர்கள். வந்த பிறகும் முதல் சில முறை, அது தடத்தில் மும்முரமாக இருக்கும்போது தொலைவிலிருந்து சுடுவதே நல்லது.

கேட்டவர்

தெளிவாகிவிட்டது. காலை குட்டிக்கு, பிற்பகல் பெரியவற்றுக்கு என்று இந்த வாரமே தொடங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி: ஆறு வயது நாயோடு எப்போது சேர்த்து விடலாம்?

முதல் பதிலை எழுதியவர்

மாதக் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தடம் அறுந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்காமல், தன் முயற்சியிலேயே மீட்டுக்கொண்டு போவதை ஒரே ஓட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்தீர்களானால் சேர்க்கலாம். சேர்த்த முதல் நாளில் அறுந்த இடத்தை மட்டும் பாருங்கள். பெரிய நாய் தேடும்போது குட்டியும் குனிந்து தனக்கென்று ஒரு பக்கம் தேடினால் தொடருங்கள்; மறுபடி நின்று அதன் முகத்தைப் பார்த்தால் அன்றே பிரித்து, இன்னும் சில வாரங்கள் தனியாக ஓட்டுங்கள். நான்கு வயது நாயோடு சேர்ப்பதற்கு அவசரமே இல்லை. குட்டி வளர்ந்து அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தொடங்கிய பிறகு மூன்றையும் ஒன்றாக விடலாம். அதற்குப் பிறகும் அவ்வப்போது ஒரு காலைப்பொழுதை அதற்குத் தனியாக ஒதுக்குங்கள், பெரிய நாய்களையும் அதேபோல் ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். கூட்டத்தில் எது உண்மையில் தடத்தை மீட்கிறது, எது குரலை மட்டும் சேர்க்கிறது என்பது அப்போது தெரியும்.