கற்றல் குறைபாடு: கல்லூரித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பது எப்படி?

கேள்வி (ஒரு தாய், பெரம்பூர்):
டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள என் மகன், பள்ளியில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரின் உதவியும் பெற்றுத் தேறி, இப்போது சென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு வணிகவியல் படிக்கிறான். பருவத் தேர்வுக்கும் அதே உதவியைக் கேட்டபோது, "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வினாத்தாளின் ஒரே வரியை விரல் வைத்து நான்கு முறை படிப்பவன் அவன். நான் யாரை அணுக வேண்டும்?

மறுமொழி (கல்லூரி ஆசிரியர்):
அம்மா, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், இது சலுகை அன்று, உரிமை. மத்திய அரசின் வழிகாட்டுதல், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்காமல், குறைபாட்டுச் சான்றிதழின் நகலுடன் முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி (ஒரு தந்தை, தாம்பரம்):
சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தாலும் தளராதீர்கள், சகோதரி. அதைக் காட்டி, எழுதுபவர் வசதியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதுபவரோடு முன்கூட்டியே ஒரு மாதிரித் தாளையாவது எழுதிப் பழகட்டும். என் மகள் முதல் தேர்வில், இருப்புநிலைக் குறிப்பின் (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கின்) கட்டங்களை எப்படிப் போடுவது என்று எழுதுபவருக்கு விளக்குவதிலேயே அரை மணி நேரத்தை இழந்தாள்.