அண்ணனுக்கு கிளியோபிளாஸ்டோமா, நான் எப்படி கூட நிக்கறது?

கேள்வி:
தலைவலி தலைவலின்னு சொல்லிட்டு இருந்தவன் திடீர்னு ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டான், ஸ்கேன் ஆபரேஷன் பயாப்ஸி எல்லாம் முடிஞ்சு கிளியோபிளாஸ்டோமாங்கற மூளைப் புற்றுநோய், கிரேடு 4ன்னு சொல்லிட்டாங்க. ரேடியேஷனும் டெமோசோலோமைடு கீமோ மாத்திரையும் போகுது. என்னை ஒரு வார்த்தை அதட்டாதவன் இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான், ராத்திரி தூங்கறதே இல்ல, அண்ணி அழுதுட்டே இருக்காங்க. சராசரியா 15 மாசம்னு நெட்ல படிச்சதுல இருந்து அவன் முகத்தையே பாக்க முடியல. என்ன செய்யட்டும்?

பதில் 1:
என் தம்பிக்கும் இதே நோய்தான் மா. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தாசோன் குடுக்கறாங்களான்னு பாருங்க. அந்த ஸ்டீராய்டே கோவம், தூக்கமில்லாம போறது, அகோரப் பசி எல்லாத்தையும் இழுத்துட்டு வரும், சுகரும் ஏறும். ராத்திரி டோஸை மதியத்துக்குள்ள மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, சட்டுனு நிறுத்தினா ஆபத்து. ஃபிட்ஸுக்கு லெவிடிராசிட்டம் போட்டாலும் சிலருக்கு எரிச்சல் வரும். கட்டி நெத்திப் பக்கம் இருந்தா சுபாவமே மாறலாம். இத அண்ணிகிட்ட உக்காந்து சொல்லுங்க, அவர் மனசறிஞ்சு திட்டலன்னு அவங்களுக்கு தெரியணும்.

பதில் 2:
கேன்சர் வார்டுல நர்ஸா இருக்கேன். 15 மாசங்கறது நடுக்கணக்கு, கிட்டத்தட்ட பாதி பேர் அதையும் தாண்டறாங்க. எம்ஜிஎம்டின்னு கட்டியோட ஜீனைப் பாக்கற டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, மெத்திலேட்டட்னு வந்தா மாத்திரை நல்லா கேக்க வாய்ப்பு அதிகம். ரேடியேஷன் முடிஞ்ச முதல் 3 மாசத்துல எடுக்கற எம்ஆர்ஐல கட்டி வளந்த மாதிரி தெரிஞ்சாலும் உடனே உடைஞ்சு போகாதீங்க, சில சமயம் அது சிகிச்சையோட விளைவாதான் இருக்கும். காய்ச்சல் 38 டிகிரி தொட்டா நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணுங்க. ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, 5 நிமிஷத்துல நிக்கலன்னா ஆம்புலன்ஸ். பாலியேட்டிவ் கேர், அதாவது வலி, கஷ்டத்தைக் குறைக்கற கவனிப்பு, கடைசி நேரத்துக்கு மட்டும்னு நினைக்காதீங்க, இப்பவே கேக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. டோஸ் நேரம் பத்தி நாளைக்கே கேக்கறேன். எவ்வளவு நாள்னு அவனே என்கிட்ட கேட்டா என்ன சொல்ல?

பதில் 1:
பொய் மட்டும் வேணாம். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு முதல்ல அவர்கிட்டயே கேளுங்க, சிலருக்கு கணக்கு வேணும், சிலருக்கு வேண்டவே வேணாம். வேணும்னா டாக்டரை வெச்சுட்டு பேசுங்க, நீங்க தனியா சுமக்காதீங்க. ஆனா சிகிச்சை எதுவரைக்கும் வேணும், யார் பக்கத்துல இருக்கணும், இதெல்லாம் அவர் வாயால இப்பவே கேட்டுக்கோங்க, பின்னாடி பேச்சு குழறலாம்.